வேலியில் இருப்பது பச்சோந்தி அல்ல

பங்குனி முடிந்து வெயில் உறைக்கத் தொடங்கியதும் நம் வீட்டுத் தோட்டங்களில் ஒரு மாற்றம் தெரியும். அதுவரை சருகு நிறத்தில் யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஓணான், தலையும் தோளும் சிவந்து, தொண்டையில் கரிய திட்டோடு வேலிக்கல்லின் உச்சியில் வந்து உட்காரும். கைப்பேசி வைத்திருப்பவர் யாரும் அதைப் படமெடுக்காமல் நகர்வதில்லை. படம் குடும்பக் குழுவுக்குப் போகும். கூடவே ‘எங்க வீட்டுப் பச்சோந்தி’ என்று ஒரு வரியும் போகும். அடுத்த நிமிடமே யாராவது ஒரு பெரியம்மா எச்சரிப்பார்: ‘கிட்டப் போகாத கண்ணு, எட்ட இருந்தே ரத்தத்தை உறிஞ்சிரும்.’

வேலியில் இருப்பது பச்சோந்தியும் அல்ல, அது ரத்தம் உறிஞ்சுவதும் இல்லை. இந்த இரண்டு குழப்பங்களையும் முதலில் தீர்த்துக்கொண்டால்தான் மற்றதைப் பேச முடியும். ஏனென்றால் தோட்டத்து ஓணானைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் கேமராவின் விலையைவிட, எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்திருப்பதையே அதிகம் நம்பியிருக்கின்றன.

இந்தியத் துணைக்கண்டத்தில் இருக்கும் பச்சோந்தி ஒரே இனம்தான். அதைப் பார்த்தவருக்கு ஓணானோடு குழப்பம் வராது. அதன் விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து ஒட்டி, கிளையைக் குறடுபோல் கவ்வும். கூம்பு வடிவக் கண்கள் இரண்டும் தனித்தனியே சுழலும். ஒன்று முன்னே பார்க்கும்போது மற்றொன்று பின்னே பார்க்கும். உடலைவிட நீளமாக நாக்கை வீசிப் பூச்சியைப் பிடிக்கும். நடக்கும்போது காற்றில் ஆடும் இலையைப் போல முன்னும் பின்னும் அசைந்து அசைந்து ஒவ்வோர் அடியாக வைக்கும். ஓணான் இதில் எதையும் செய்யாது. அதன் விரல்கள் நீண்டு தனித்தனியாக இருக்கும், நகம் கூர்மையானது, ஆளைக் கண்டால் ஒரே பாய்ச்சலில் ஓடும். பச்சோந்தி வறண்ட புதர்க்காடுகளிலும் தோப்புகளிலும் கண்ணில் படுவது அபூர்வம். வீட்டுத் தோட்டத்துக்கு வந்திருந்தால் அந்த வீட்டுக்காரர் கொடுத்துவைத்தவர்.

இலங்கையிலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை ஒட்டிய ஊர்களிலும் குழப்பத்துக்கு இன்னொரு காரணம் உண்டு. அங்கே தோட்டங்களில் பளிச்சென்ற பச்சை உடலில் வெள்ளைப் பட்டைகளோடு பச்சை ஓணான் வரும். பச்சையாக இருப்பதாலேயே அதையும் பச்சோந்தி என்று சொல்லிவிடுகிறார்கள். அதுவும் ஓணான் குடும்பம்தான். விரலைப் பார்த்தால் போதும்.

ரத்தக் கதைக்குக் காரணம் அந்தச் சிவப்பு. எதையோ குடித்துத் தொண்டை சிவந்ததுபோலத் தெரிவதால் அப்படி ஒரு கதை பிறந்திருக்க வேண்டும். ஆங்கிலேயர்களும் அதற்கு இரத்தம் உறிஞ்சி என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஓணான் தின்பது எறும்பு, வெட்டுக்கிளி, கரப்பான், புழு, எப்போதாவது சின்னப் பல்லி. கையில் பிடித்தால் கடிக்கும், வலிக்கும், அவ்வளவுதான். விஷம் கிடையாது. நம் தோட்டத்துக்கு வரும் ஓணான், அரணை, பல்லி எதிலும் மனிதரைக் கொல்லும் விஷம் இல்லை.

அப்படியானால் சிவப்பு ஏன்? இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும், இதுதான் பார்க்கிறவருக்குக் கிடைக்கும் பெரிய விருந்து. ஓணானின் நிறம், இருக்கும் இடத்துக்கு ஏற்ப ஒளிந்துகொள்ளப் போடும் வேஷம் என்று நினைக்கிறோம். பெரும்பகுதி அப்படி இல்லை. அந்த உடம்பின் வெப்பமும் அதன் மனநிலையுமே தோலில் தெரிகின்றன.

காலையில் ஏழு மணிவாக்கில் பாருங்கள். இரவெல்லாம் குளிர்ந்த உடலோடு ஓணான் சுவரில் ஒட்டிக்கிடக்கும். நிறம் அடர்ந்து, கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். கறுத்த தோல் வெயிலை வேகமாக வாங்கும். உடலைத் தட்டையாக்கி, முதுகைச் சூரியனுக்குக் காட்டி அசையாமல் இருக்கும். அரைமணி, முக்கால் மணி போனால் அதே ஓணான் வெளிறி மஞ்சளும் சாம்பலுமாக மாறியிருக்கும். உடல் சூடேறிவிட்டது, இனி அதிக வெயில் வேண்டாம். உச்சிவேளையில் நிழலுக்குப் போய்விடும். இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் செம்பருத்தியின் மெல்லிய கிளை நுனியில் முழுவதும் வெளிறிய உடலோடு கண் மூடித் தூங்குவது தெரியும். நுனிக்கிளையில் படுப்பதற்கும் காரணம் உண்டு: பாம்போ பூனையோ கிளையில் ஏறினால் அதிர்வு முதலில் இதற்குத்தான் எட்டும்.

வெப்பத்துக்கான இந்த மாற்றத்துக்கு மேலேதான் இனப்பெருக்கக் காலத்தின் சிவப்பு வருகிறது. கோடையில் தொடங்கி மழைக்காலம்வரை ஆண் ஓணான் ஓர் எல்லையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உயரமான ஓர் இடத்தில் நின்று முன்னங்கால்களை ஊன்றி உடலை ஏற்றி இறக்கும். தலையை மேலும் கீழும் ஆட்டும். தொண்டையை உப்ப வைக்கும். ‘ஆமாம் சாமி’ போடுகிறது என்று சிறுவர்கள் கேலி செய்யும் தலையாட்டல் இதுதான். அது யாருக்கும் ஆமாம் போடவில்லை. இந்த இடம் என்னுடையது என்று மற்ற ஆணுக்கும், நான் இங்கே இருக்கிறேன் என்று பெண்ணுக்கும் சொல்கிறது. இரண்டு ஆண்கள் நேருக்கு நேர் வந்தால் சிவப்பு இன்னும் ஏறும். மோதலில் தோற்றது பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிறிப் பழுப்பாகி இறங்கி ஓடும். அப்படி ஓடும் ஓணானைப் பார்த்துதான் ‘நிறம் மாறி ஒளிகிறது’ என்கிறோம். உண்மையில் அது தோற்றுவிட்டது.

பச்சோந்தியின் நிறமாற்றமும் பெரும்பாலும் இப்படிப்பட்ட பேச்சுதான். 2015இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றின் தோலை ஆராய்ந்து ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். தோலின் செல்களுக்குள் மிக நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பச்சோந்தி கிளர்ச்சியடையும்போது அந்தப் படிகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி கூடுகிறது. அதனால் தோல் திருப்பி அனுப்பும் ஒளி பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நகர்கிறது. சாயம் பூசிக்கொள்வதில்லை, ஒளியை மாற்றிப் பிடிக்கிறது. கட்சி மாறும் அரசியல்வாதிக்குப் பச்சோந்தி என்று பெயர் வைத்தவர்கள் அந்தப் பிராணிக்கு அநியாயம் செய்துவிட்டார்கள். தன் மனத்தில் இருப்பதை அது ஒளிக்கவே இல்லை.

நம் தோட்டத்து ஓணான் அறிவியலுக்குப் பழைய அறிமுகம். பிரெஞ்சுக்காரர் தோதென் 1802இல் இதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார். அந்தப் பெயருக்கு உரிய இடமாகப் புதுச்சேரி கொள்ளப்படுகிறது. ஈரான் தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை ஒரே இனம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2021இல் வெளியான மரபணு ஆய்வு அது ஒன்றல்ல, பல இனங்கள் என்று பிரித்துவிட்டது. பழைய பெயர் தென்னிந்தியாவில் இருப்பதற்கே நிலைத்தது. அதற்கும் முன்னால் சங்கப் புலவர்கள் இதை ஓந்தி என்றும் ஓதி என்றும் அறிந்திருந்தார்கள். குறுந்தொகைப் பாட்டு ஒன்று அதன் முதுகை அரிவாளின் பல் வரிசைக்கு ஒப்பிடுகிறது. பின்னங்கழுத்திலிருந்து முதுகு நெடுகப் போகும் அந்த முள் வரிசையை அருகிலிருந்து பார்க்காமல் அப்படி எழுதியிருக்க முடியாது. டெலி லென்ஸ் எதுவும் இல்லாத காலம் அது.

இனி படத்துக்கு வருவோம். பலரும் செய்வது துரத்துவது. ஓணானைக் கண்டதும் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நேராக நடக்கிறோம். அது மரத்தண்டின் மறுபக்கம் போய்விடும். நாம் சுற்றினால் அதுவும் சுற்றும். கடைசியில் கிடைப்பது வாலின் படம். ஆனால் ஆண் ஓணான் தன் எல்லைக்குள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில்தான் வந்து உட்காரும்: ஒரு வேலிக்கல், காம்பவுண்டு சுவரின் மூலை, வெட்டிய முருங்கையின் அடிக்கட்டை. இரண்டு மூன்று காலை கவனித்தால் அந்த இடம் தெரிந்துவிடும். பிறகு அது வருவதற்கு முன்பே ஒரு முக்காலியைப் போட்டு, சுவரோரமாக உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்திருக்கும் மனிதனை ஓணான் சிறிது நேரத்தில் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். எழுந்து வரும் மனிதனை ஒருநாளும் விடாது.

போயே ஆக வேண்டும் என்றால் நேராகப் போகாமல் சாய்வாக, வேறெங்கோ போகிறவர்போல, நின்று நின்று போக வேண்டும். நம் நிழல் அதன்மேல் விழக்கூடாது. காக்கைக்கும் வல்லூறுக்கும் இரையாகும் பிராணிக்கு மேலிருந்து வரும் நிழல் என்றாலே மரணம்தான். தலையாட்டல் நின்று, உடல் கிளையோடு ஒட்டித் தாழ்ந்தால் அது நம்மைக் கவனித்துவிட்டது என்று பொருள். அங்கேயே நிற்க வேண்டும். மறுபடி தலையாட்டவோ எறும்பைக் கொத்தவோ தொடங்கினால் இன்னோர் அடி வைக்கலாம். மரத்தின் மறுபக்கம் போய்விட்டாலும் அசையாமல் நின்றால் சிறிது நேரத்தில் ஒரு கண் மட்டும் எட்டிப் பார்க்கும். தண்டின் ஓரத்தில் அந்த ஒற்றைக் கண் தெரியும் படம், முழு உடல் தெரியும் படத்தைவிடப் பல சமயம் நன்றாக அமைகிறது.

உயரம் முக்கியம். நின்றபடி கீழே பார்த்து எடுத்தால் எந்தப் பிராணியும் தரையில் கிடக்கும் பொருளாகிவிடும். முழங்காலிட்டோ படுத்தோ அதன் கண் மட்டத்துக்கு லென்ஸ் வரவேண்டும். ஃபோகஸ் கண்ணில்தான் விழ வேண்டும். மூக்கு கூர்மையாகவும் கண் மங்கலாகவும் இருந்தால் அந்தப் படத்தை யாரும் காப்பாற்ற முடியாது. இவ்வளவு அருகில் ஃபோகஸின் ஆழம் மிகக் குறைவு. ஆகவே உடல் முழுவதும் தெளிவாக வேண்டுமானால் பக்கவாட்டில், கேமராவுக்கு இணையாக அது நிற்கும் கோணத்தைத் தேட வேண்டும். அபெர்ச்சரை எட்டுக்கு அருகில் வைப்பது பொதுவாகப் பாதுகாப்பு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஓணானுக்கு நொடியில் 250இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் போதும். இரை பிடிப்பதையோ சண்டையையோ நிறுத்திக் காட்ட ஆயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும். நூறு மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் அழகான கருவிதான், ஆனால் மிக அருகில் இழுத்துப்போகும். ஓணானுக்கு முந்நூறு மில்லிமீட்டர் டெலி நல்லது. கைப்பேசியில் தனி டெலி லென்ஸ் இருந்தால் அதை மட்டும் பயன்படுத்தலாம். விரலால் விரித்துப் பெரிதாக்கும் ஜூம் செதிலைக் கஞ்சியாக்கிவிடும்.

யாரும் சொல்லித்தராத ஒன்று, சிவப்பு. நேர் வெயிலில் ஓணானின் சிவந்த தலையைக் கேமரா தாங்காது. செதில்கள் எல்லாம் கரைந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப், தேவையானால் ஒரு முழு ஸ்டாப் குறைத்து எடுத்தால் செதில் தெரியும். காலை எட்டு மணி வெளிச்சத்தில் இந்தத் தொல்லையும் குறைவு, ஓணானும் வெயில் காய்ந்துகொண்டு ஓரிடத்தில் இருக்கும். தலையாட்டலைப் படத்தில் பிடிக்க முடியாது, அதற்கு வீடியோதான்.

ஓணானுக்கு இவ்வளவு சொல்லிவிட்டுப் பல்லியை விட முடியாது. இரவில் வராந்தா விளக்கடியில் வந்து நிற்கும் பல்லியைக் காண எங்கும் போக வேண்டியதில்லை. ஆனால் யோசித்துப் பார்க்காத ஓர் இடம் உண்டு: ஜன்னல் கண்ணாடி. வெளிப்பக்கம் பல்லி ஒட்டியிருக்கும்போது உள்ளேயிருந்து எடுத்தால் அடிவயிறும் பாதங்களும் தெரியும். விரலடியில் வரிவரியான மடிப்புகள் இருக்கும். ஒவ்வொரு மடிப்பிலும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்முடிகள். பசை எதுவும் இல்லை. அந்த நுண்முடிகளுக்கும் சுவரின் மூலக்கூறுகளுக்கும் இடையே உண்டாகும் மெல்லிய ஈர்ப்புதான் பல்லியைத் தாங்குகிறது என்று 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவினார்கள். பெண் பல்லி சினையாக இருந்தால் வயிற்றுத் தோலின் வழியே இரண்டு வெள்ளை முட்டைகள் தெரியும். இனம் பிரிக்க வல்லுநர்கள் முதலில் கேட்பதும் இந்த விரலடி, தொடை படங்களைத்தான். பிடித்துப் புரட்டாமல் கண்ணாடி அதைத் தந்துவிடுகிறது.

பல்லிக்கு இமை கிடையாது. ஒளி புகும் செதில் ஒன்று கண்ணை மூடியிருக்கிறது; அதை நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். இருட்டுக்குப் பழகிய அந்தக் கண்ணில் கைக்கெட்டும் தூரத்திலிருந்து ஃபிளாஷை மீண்டும் மீண்டும் அடிப்பது நியாயமில்லை. ஒரு வெள்ளைத் தாளையோ மெல்லிய துணியையோ போட்டு ஒளியைப் பரப்பி, ஓரிரு படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தூங்கும் ஓணானுக்கும் இது பொருந்தும். அது விழித்துக் கிளையிலிருந்து விழுந்தால் குளிர்ந்த உடலோடு ஓட முடியாது, அடியில் பூனை இருக்கும்.

பல்லி விழுந்த சாப்பாடு விஷம் என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். பல்லிக்கு விஷச் சுரப்பி இல்லை. ஆனால் அதன் எச்சத்தில் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கக்கூடும். அதனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். சாப்பாட்டைக் கொட்டுவது சரிதான், காரணம்தான் வேறு.

அரணை இவை எல்லாவற்றையும்விடக் கூச்சம் மிகுந்தது. சில ஊர்களில் பாம்புராணி என்பார்கள். எண்ணெய் தடவியதுபோன்ற பளபளப்பான உடல், சருகுக்குள் சரசரவென்று ஓடி மறையும். ‘அரணை கடித்தால் மரணம்’ என்ற எதுகை காதுக்கு நன்றாக இருப்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. பயமுறுத்தினால் வாலை உதறிவிட்டு ஓடும். உதறிய வால் துள்ளிக்கொண்டிருக்கும்போது அரணை தப்பிவிடும். வால் மறுபடி வளரும், ஆனால் எலும்புக்குப் பதில் குருத்தெலும்போடு. வாலில்தான் அது கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது. பிடித்துப் பார்க்கும் ஆசையில் நாம் அறுக்கவைப்பது அதன் சேமிப்பை. ஓணானுக்கு அந்த வசதியும் இல்லை.

தொடாமல் எடுப்பது என்பது இந்தத் துறையில் மரியாதை மட்டுமல்ல, படத்தின் உண்மையும் அதில் இருக்கிறது. பிடித்துக் கிளையில் வைத்த ஓணான் பயத்தில் கறுத்து, உடல் ஒடுங்கி இருக்கும். விவரம் தெரிந்தவர் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார். அசையாமல் இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்து எடுப்பவர்களும் உண்டு. அது சித்திரவதை. தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்து விளையாடிய தலைமுறை நம்முடையது. ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் தந்தது, ஓணான் மூத்திரம் தந்தது என்று சொல்லிக்கொண்டு கல்லெறிந்தோம். அந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்த பெரியவர்கள் யாரும் ஓணான் நம் செடியில் பூச்சி பொறுக்குகிறது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

ஓணான் வேண்டுமென்றால் பூச்சியும் வேண்டும். வாராவாரம் மருந்தடிக்கும் தோட்டத்தில் படம் எடுக்க ஒன்றும் மிஞ்சாது. ஒரு மூலையில் சருகும் நான்கு கல்லும் குவிந்து கிடக்கட்டும், அரணைக்கு அது போதும். மழைக்கு முன்னும் பின்னும் பெண் ஓணான் பூத்தொட்டி ஓரத்திலோ பாத்தியிலோ முன்னங்காலால் குழி பறிப்பதைக் காணலாம். பத்து, பதினைந்து வெள்ளை முட்டைகளை இட்டு, மண்ணை இழுத்து மூடி, முகவாயால் தட்டித் தட்டிச் சமன் செய்துவிட்டுப் போகும். பிறகு திரும்பி வராது. குழி பறிக்கும் நேரத்தில் தூரத்திலிருந்து எடுக்கலாம். பாதியில் கலைத்தால் வேலையை விட்டுவிட்டுப் போய்விடக்கூடும். முட்டையிட்ட இடத்தில் ஒரு குச்சியை நட்டு, ஆறேழு வாரம் மண்வெட்டி போடாமல் பார்த்துக்கொண்டால் குஞ்சுகள் தாமே கிளம்பி வரும்.

எடுத்த படங்களைக் கைப்பேசியில் பூட்டி வைக்காமல் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் தேதியோடும் ஊரோடும் போட்டால் ஆய்வாளர்களுக்கு உதவும். தென் தமிழகத்துத் தரையில் ஓடும் விசிறித் தொண்டை ஓணான் ஒன்று தனி இனம் என்று 2016இல்தான் பிரித்து அறியப்பட்டது. மருதமும் நெய்தலும் சேர்ந்த நிலத்தில் வாழ்வதால் மருதம்நெய்தல் என்றே அதன் அறிவியல் பெயர் அமைந்தது. இப்படி இனம் பிரிக்க அழகான படம் வேண்டியதில்லை. தலையின் பக்கவாட்டு, முதுகுச் செதில், விரல்கள் தெளிவாக இருக்கும் மூன்று சாதாரணப் படங்கள் போதும். ஊரோடு படம் போடுவதில் உடும்பும் பச்சோந்தியும் மட்டும் விதிவிலக்கு. உடும்பு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருந்தும் இறைச்சிக்காகவும், ஆண் உடும்பின் இனப்பெருக்க உறுப்பைக் காயவைத்து ‘ஹத்தா ஜோடி’ என்று வேராக விற்கும் மோசடிக்காகவும் இன்னும் வேட்டையாடப்படுகிறது. ஆகவே அவற்றின் படத்தைப் பகிரும்போது இடத்தை மறைத்துவிடும் வசதியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, கைப்பேசிப் படத்தோடு ஒட்டிவரும் இருப்பிடக் குறிப்பையும் நீக்கிவிட்டு அனுப்ப வேண்டும். ஓணானுக்கு இந்தக் கவலை வேண்டாம். குடும்பக் குழுவில் சரியான பெயரோடு போட்டால் போதும்.